காவலாளிக்குச் சொல்லாத ஒன்று

தியானப் பகுதி: 1 சாமுவேல் 17:17-28, லூக்கா 10:33-35



சென்ற சனிக்கிழமை காலை, அரசு மருத்துவமனையின் தடுப்பூசி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் ஒரு சகோதரருக்கு அருகில் அமர்ந்திருந்தேன். நாய்க்கடிக்கான கடைசி ஊசியை, அதாவது 28-ஆம் நாள் ஊசியை, அன்று அவர் போட்டுக்கொண்டார். அவரைக் கடித்தது எங்கள் குருமனையின் நாய் ஜிம்மி. நாயின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் விலகிக்கொள்ளலாம். ஆனால் குற்றம் என்னுடையது. அதை இந்த வாரம் உங்கள் முன்பாக அறிக்கையிட விரும்புகிறேன்.

அந்தச் சகோதரர் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் வேலை செய்தவர். அங்கிருந்த நாய்களைக் கவனித்துப் பழகியவர். பங்களா வேலை போனபின் குன்னூருக்கு வந்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் அநேகர். வெலிங்டனில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரிகளின் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய நாய்களைக் காலையிலும் மாலையிலும் நடத்திச் செல்வதும், அவர்கள் வெளியூர் போகும்போது தம் வீட்டில் வைத்துப் பராமரிப்பதும் அவருடைய பிழைப்பு. ஒரு நாளில் எட்டு, ஒன்பது நாய்கள் அவர் கையில் இருக்கும். விடியுமுன் தொடங்கும் வேலை, இருட்டியபின்தான் முடியும்.

நம் மலையில் இது எளிய வேலை அன்று. மூடுபனியில் பத்தடி தூரத்திற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சாலை வளைவில் காட்டெருமை நின்றாலும் அருகில் போகும்வரை அறிய முடியாது. இரவில் சிறுத்தை வந்து திண்ணையில் படுத்திருக்கும் நாயைத் தூக்கிச் செல்வது நமக்குப் புதிய செய்தியும் அன்று. இத்தனைக்கும் நடுவே, பிறர் தங்கள் பிள்ளையைப்போல் வளர்க்கும் உயிர்களை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை குறையாமல் வீடு சேர்ப்பது அவருடைய பொறுப்பு.

பொங்கல் கழிந்த வாரத்தில் என் மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காக நாங்கள் வேலூருக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஜிம்மியை யாரிடம் விடுவது என்று கலங்கியபோது சபையிலுள்ள ஒரு மூத்த சகோதரி இவரைப் பற்றிச் சொன்னார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த பின்பு அவர் குருமனைக்கு வந்தார். கையில் நீள அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. திண்ணையில் நின்றபடியே என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். நாய் என்ன சாப்பிடும்? எதற்குப் பயப்படும், எதைச் செய்தால் கோபப்படும்? ஊசியெல்லாம் போட்டாயிற்றா?

முதல் கேள்விக்குக் கால் மணி நேரம் பதில் சொன்னேன். சோறு எவ்வளவு குழைய வேண்டும், பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும், படுக்கைக்கு எந்தக் கம்பளி என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டாவது கேள்விக்கு, பட்டாசுக்குப் பயப்படும் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு, "எல்லாம் போட்டாயிற்று தம்பி" என்றேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஜிம்மியின் காதைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது. நவம்பர் மாதத்தில் பால்காரர் அதன் காதைத் தடவியபோது வெடுக்கென்று அவர் கையைக் கவ்வப் பார்த்தது. தோலில் படவில்லை என்பதால் அதைச் சிரித்து மறந்துவிட்டோம். ஆண்டுதோறும் போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியோ, போடவேண்டிய நாள் கடந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த இரண்டையும் சொன்னால் அவர் நாயை ஏற்றுக்கொள்ளமாட்டாரோ என்று பயந்தேன். போதகர் வீட்டிலேயே இப்படியா என்று நினைப்பாரோ என்ற வெட்கமும் இருந்தது. அன்று காலைதான் பிரசங்க பீடத்தில் நின்று உண்மையைக் குறித்துப் பேசியிருந்தேன்.

அன்றிரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறியது முதல் அவருக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினேன். சாப்பிட்டதா, தூங்கியதா, அழுகிறதா, கம்பளி போட்டீர்களா என்று ஒரு நாளில் இருபது செய்திகளுக்குக் குறையாமல் போயிருக்கும். எழுதக் கை ஓயும்போது குரல் பதிவு அனுப்பினேன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அவரிடமிருந்து காலையில் ஒரு படமும் இரவில் ஒரு படமும் வரும். அவற்றின் கீழே "நல்லா இருக்குங்க ஐயா" என்ற ஒரே வரி. அந்தச் சுருக்கம் எனக்கு அலட்சியமாகத் தோன்றியது. பணம் வாங்குகிற மனிதர் இன்னும் இரண்டு வரி எழுதக்கூடாதா என்று மனைவியிடம் குறைபட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. தொடர்ந்து ஆறு முறை அழைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்நேரத்தில் அவர் இரண்டு கைகளிலும் நாய்ச் சங்கிலிகளைப் பிடித்தபடி, சாலையை மறித்து நின்ற காட்டெருமைக்கு அஞ்சி ஒரு மதில் மறைவில் அசையாமல் நின்றிருந்தார். சட்டைப் பையில் தொலைபேசி அலறிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவருக்குக் கை இல்லை. நாய்கள் அந்தச் சத்தத்தில் மிரண்டு இழுத்தன. என்னுடைய அக்கறை அன்று அவருக்கு ஆபத்தாகவே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை அவரே என்னை அழைத்தார். அந்த வாரத்தில் அவராக அழைத்தது அது ஒருமுறைதான். "ஐயா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஜிம்மி காதுல உண்ணி இருந்துச்சுங்க, எடுக்கப் போனேன், கையில கடிச்சிடுச்சு. கழுவிட்டேன். அதுக்கு ஊசி கடைசியா எந்தத் தேதியில போட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க ஐயா."

பிரியமானவர்களே, அந்த ஆறு நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகளை அந்த மனிதருக்கு அனுப்பியிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு தேதி. அது என்னிடம் இல்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு உண்மையைச் சொன்னேன். பால்காரர் கதையையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "சரிங்க ஐயா" என்றார் பிறகு. "நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கறேன். நீங்க அம்மாவைப் பாருங்க." கோபமாக ஒரு வார்த்தை வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இது நடந்தது குன்னூரில் என்பது என் வெட்கத்தைப் பெருக்குகிறது. நம் சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் நிற்கும் பாஸ்டியர் நிறுவனத்தை எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். 1902-இல் இளம் ஆங்கிலப் பெண் ஒருத்தி வெறிநாய்க்கடி நோயால் இறந்ததை அடுத்து, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் அளித்த நன்கொடையின் உதவியால் 1907-இல் தொடங்கப்பட்ட இடம் அது. நாய்க்கடிபட்டவர்கள் சிகிச்சை தேடி மலையேறி வந்த இடமும் அதுவே. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. அறிகுறிக்கு முன்பே தடுத்துவிட்டாலோ முற்றிலும் தடுக்கலாம். இதை அறிந்த ஊரில், இதை அறிந்த நான், "எல்லாம் போட்டாயிற்று" என்றேன்.

அவர் செய்ததைக் கேளுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினார். அன்றே மருத்துவமனைக்குச் சென்றார். உள்ளங்கையில் இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும், தோளில் முதல் தடுப்பூசியும் போட்டார்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் வரச் சொன்னார்கள். ஜிம்மியைத் தனி அறையில் கட்டிவைத்தார். கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிக்கவேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். பிறகு, மற்ற நாய்களின் வீடுகளுக்கெல்லாம் அன்று இரவே நடந்ததைச் சொன்னார். "என்னிடம் இருக்கும் ஒரு நாய் கடித்தது, அதற்கு ஊசி நாள் தவறியிருக்கிறது, உங்கள் நாய் அதோடு விளையாடியிருக்கிறது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாருடைய நாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு வீட்டார் மறுநாள் முதல் நாயை அனுப்பவில்லை. பிழைப்பைக் காத்துக்கொள்ள அவர் மறைத்திருக்கலாம். என் பெயரைக் காத்துக்கொள்ள நான் மறைத்தேன். அவர் மறைக்கவில்லை.

வேலூரிலிருந்து ஐந்து நாட்களில் திரும்ப எண்ணியிருந்தோம். பதினொரு நாட்கள் ஆயின. மீதியிருந்த அந்த இரவுகளில் வேதத்தைத் திறந்தபோது, இரண்டு பகுதிகள் என் கண்முன் நின்றன. முதலாவது யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் 28, 29 வசனங்கள். முட்டுகிற மாட்டைப் பற்றிய நியாயப்பிரமாணம் அது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாடு கல்லெறியுண்டு சாகும், உடையவன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்பது உடையவனுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்காதிருந்தால், குற்றம் அவனையும் சேரும். அறிந்ததும் அறியாததும் கர்த்தருடைய தராசில் வேறுவேறு எடை. இத்தனை ஆண்டு ஊழியத்தில் இந்த வசனங்களைக் குறித்து நான் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. அன்று அவை எனக்குப் பிரசங்கித்தன.

இரண்டாவது, தாவீதின் சரித்திரம். ஈசாய் தன் இளைய மகனைப் போர்க்களத்திலிருந்த தமையன்மாரிடம் அனுப்புகிறான். வறுத்த பயறும் பத்து அப்பங்களும் பாற்கட்டிகளும் கொடுத்தனுப்புகிறான். நமக்குத் தெரிந்த கதை. ஆனால் 20-ஆம் வசனத்தின் தொடக்கத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தாவீது அதிகாலையில் புறப்படுமுன் ஆடுகளை ஒரு காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அந்தக் காவலாளியின் பெயர் நமக்குத் தெரியாது. பின்பு ஏலா பள்ளத்தாக்கில் மூத்த அண்ணன் எலியாப் கோபங்கொண்டு, அந்தச் சில ஆடுகளை வனாந்தரத்தில் யார் பொறுப்பில் விட்டாய் என்று இகழ்ச்சியாய்க் கேட்கிறான். அவன் கேட்குமுன்பே வேதம் அதற்கு விடை எழுதி வைத்திருக்கிறது. தாவீது விட்டுவிட்டு ஓடிவரவில்லை. ஒப்படைத்துவிட்டு வந்தான்.

கோலியாத்தின்மேல் பெற்ற வெற்றியைப் பாடுகிறோம். அன்று பெத்லகேமின் வெளியில் ஒருவன் ஆடுகளோடு நின்றிராவிட்டால் அந்த வெற்றிக்குத் தாவீது வந்திருக்க முடியாது. நாம் மருத்துவமனைக்கும் திருமணத்துக்கும் ஊழியத்துக்கும் புறப்பட்டுச் செல்லும் ஒவ்வொரு முறையும், பெயர் எழுதப்படாத ஒருவர் நமக்காகப் பின்னால் நிற்கிறார். அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது கூலி மட்டும் அன்று, உண்மையும் கூட.

எப்படிச் சொல்லி ஒப்படைப்பது என்பதற்கு ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியனின் கதையைப்போல் தெளிவான மாதிரி வேறில்லை. சத்திரக்காரன் வேலை மிகுந்தவன். வருகிறவர்களும் போகிறவர்களுமாய் இருக்கும் இடம் அது. சமாரியன் அவனிடம் பேசியது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதல் இரவு தானே உடனிருந்து கவனித்தான். மறுநாள் இரண்டு வெள்ளிக்காசுகளை முன்பணமாகக் கொடுத்தான். அந்நாட்களில் அது இரண்டு நாள் கூலி. இவனைப் பராமரி என்றான். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தான். எண்ணெயை எப்படி வார்ப்பது, கட்டை எப்படி அவிழ்ப்பது என்று பாடம் நடத்தவில்லை. காயங்களில் ஒன்றையாவது துணியால் மூடி மறைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் சத்திரக்காரன் கண்ணால் கண்டே பொறுப்பேற்றான். சமாரியனின் பேச்சு சுருங்கியிருந்ததற்குக் காரணம், அவன் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பதே. ஒளிப்பவனுக்குத்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. என் நூறு செய்திகளும் எதிலிருந்து பிறந்தன என்று இப்போது அறிவேன். சொல்லாத ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாய் வளர்க்கும் சபையார் பலர் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் உங்களுக்கும் இது உதவட்டும் என்று, நான் இப்போது கைக்கொள்வதைச் சொல்கிறேன். ஒரே தாளில் எழுதிக் கொடுக்கிறேன். உணவு இரண்டு வரி. நோய், மருந்து இருந்தால் அதன் அளவும் நேரமும். எதற்குப் பயப்படும், எங்கே தொட்டால் கடிக்கும், இதற்குமுன் யாரையாவது கடித்ததா என்பது தெளிவாக. தடுப்பூசி போட்ட தேதியும், அதைக் காட்டும் அட்டையின் நகலும். கால்நடை மருத்துவரின் எண். என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் முடிவெடுக்க வேண்டியவர் யார், எவ்வளவுவரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பது. பணத்தில் பாதி முன்பே. புறப்படுமுன் ஓர் இரவாவது நாயை அவர் வீட்டில் விட்டுப் பார்ப்பது. நாய்களை நடத்திச் செல்லும் காலை நேரத்திலும் மாலை நேரத்திலும் அழைப்பதில்லை. இரவில் ஒரு செய்தி போதும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது. அதன்பின் அவரை அவர் வேலை செய்ய விடுவது.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தபோது, என் ஜெபங்களும் அந்தக் குரல் பதிவுகளைப் போலவே இருந்திருக்கின்றன என்று உணர்ந்தேன். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே மணிக்கணக்காய் ஜெபித்தேன். மருத்துவர் கைக்காகவும் மருந்துக்காகவும் இரத்தத்துக்காகவும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் இல்லாமல் என்னால் இருக்கமுடியாது, எனக்குப் பயமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. போதகன் பயப்படலாமா என்ற அதே வெட்கம். நாம் கேட்குமுன்பே நம் தேவையைப் பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6-இல் இயேசு போதித்தார். நம்மிடமிருந்து அவருக்குத் தகவல் தேவையில்லை. நம் காதில் ஒளிந்திருக்கும் உண்ணியை அவர் எடுக்க இடங்கொடுக்கிறோமா என்பதே கேள்வி. அந்தச் சனிக்கிழமை இரவு, தொலைபேசியை வைத்தபின், முதல்முறையாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். ஜெபம் அதோடு முடிந்தது. அன்று தூங்கினேன்.

மனைவி நலமாயிருக்கிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பத்தாம் நாளிலும் ஜிம்மி சுகமாகவே இருந்தது. நாங்கள் திரும்பியபின்பும் அவர் ஒவ்வொரு மாலையும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். ஏழாம் நாள் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் நான் உடன் சென்றேன். அனுப்பாமல் நின்றுபோன இரண்டு வீட்டுக்கும் சென்று, அது என் நாய், மறைத்தது நான் என்று சொன்னேன். ஒரு வீட்டார் மறுபடியும் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். மற்ற வீட்டார் இன்னும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை ஊசி முடிந்து வெளியே வந்ததும், அவர் இழந்த நாட்களின் கூலியையும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, கணக்குக்கு மேலிருந்த நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஜிம்மியின் பக்கத்தில், ஊசி என்று எழுதி, அதற்கு எதிரே அவருடைய கையெழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருந்தன: "ஐயா சொன்னார்."

மற்ற எல்லாப் பக்கங்களிலும் அந்த இடத்தில் ஒரு தேதி இருந்தது. என் வார்த்தையைத் தேதியாகவே அவர் எண்ணியிருக்கிறார்.

அவர் அதை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "இந்த வாரம் போட்டுட்டீங்கன்னு சொன்னீங்களே ஐயா, தேதியை நீங்களே எழுதிடுங்க." எழுதினேன். கை சற்று நடுங்கியது. "காதைத் தொடக்கூடாதுன்னும் எழுதுங்க" என்றார், சிரித்துக்கொண்டே. அதையும் எழுதினேன்.

ஜெபிப்போம். எங்கள் நல்ல மேய்ப்பரே, நாங்கள் புறப்பட்டுச் செல்லும்போது எங்களுக்காகப் பின்னால் நிற்கிறவர்களை ஆசீர்வதியும். பனியிலும் இருளிலும் பிறருடைய உயிர்களைக் கையில் பிடித்து நடக்கிறவர்களைக் காத்தருளும். அவர்களிடம் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லவும், சொன்னபின் நம்பவும் எங்களுக்குக் கற்றுத் தாரும். உம்மிடம் மறைத்து வைத்திருக்கும் அந்த ஒன்றை இன்று சொல்லிவிடத் துணிவு தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.